மவுண்ட் ரோடும் மூர் மார்க்கெட்டும்

சென்னையின் பழைய கடைகளைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஒரு பெருமூச்சில் தொடங்கி இன்னொரு பெருமூச்சில் முடிக்கிறார்கள். ஸ்பென்சர்ஸ் எரிந்தது, மூர் மார்க்கெட் எரிந்தது, சஃபையர் தியேட்டர் இடிபட்டது, மவுண்ட் ரோடு பழைய மவுண்ட் ரோடாக இல்லை. இந்த ஏக்கத்தில் பொய்யில்லை. ஆனால் எல்லாக் கடைகளையும் ஒரே ஏக்கத்துக்குள் கட்டிவைக்கும்போது கேட்கப்பட வேண்டிய ஒரு கேள்வி கேட்கப்படாமலே போய்விடுகிறது. ஒரு கடை ஏன் நூற்றெழுபது ஆண்டு நிற்கிறது, அதே நகரத்தில் இன்னொரு கடை ஏன் ஓர் இரவில் இல்லாமலாகிறது? வாடிக்கைக்காரர்களின் அன்பை இதற்கு விடையாகச் சொல்ல முடியாது. மூர் மார்க்கெட்டை நேசித்த அளவுக்குச் சென்னைவாசிகள் வேறெந்தக் கடைத்தெருவையும் நேசித்திருப்பார்கள் என்று தோன்றவில்லை. அந்த நேசம் அதைக் காப்பாற்றவில்லை.

விடையை வேறு மூன்று இடங்களில் தேட வேண்டும் என்று நினைக்கிறேன். கடைக்குள் நுழைந்தவர் யார்? அவர் எந்த வழியாக, எதில் வந்தார்? கடை நின்ற மண் யாருடையது? மவுண்ட் ரோட்டின் வரலாற்றை இந்த மூன்று கேள்விகளோடு படித்துப் பார்த்தால், அது வீழ்ச்சியின் கதையாக மட்டும் தெரிவதில்லை.

புனித ஜார்ஜ் கோட்டையிலிருந்து பரங்கிமலைக்குப் போகும் சாலை என்பதாலேயே அது மவுண்ட் ரோடு. சாலையின் இருபுறமும் கும்பினி உத்தியோகஸ்தர்களும் வெள்ளை வணிகர்களும் தோட்ட வீடுகள் கட்டிக்கொண்டார்கள். அவர்களைத் தொடர்ந்து கடைகள் வந்தன. அதற்கு முன்பு ஐரோப்பியச் சில்லறை வணிகம் கறுப்பர் நகரத்தின் பக்கம், பாப்ஹாம்ஸ் பிராட்வேயை ஒட்டி இருந்தது. 19ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து அது மெல்ல மெல்ல மவுண்ட் ரோட்டுக்கு இடம் பெயர்ந்தது. அங்கு எழுந்த கடைகளின் அமைப்பே ஒரு செய்தியைச் சொல்லும். பெரிய முற்றம், வண்டி வந்து நிற்க முகப்பு மண்டபம், உள்ளே உயரமான கூரை. சாரட்டில் வந்து இறங்குகிறவரை எதிர்பார்த்துக் கட்டப்பட்ட கடைகள் அவை. நடந்து வருகிறவர் அந்தக் கணக்கில் இல்லை.

ஏபெல் ஜோஷுவா ஹிக்கின்பாதம் 1844இல் தன் புத்தகக் கடையைத் தொடங்கினார். இன்று நாம் காணும் வெள்ளைக் கட்டடம் 1904இல் எழுந்தது. பி. ஆர் அண்ட் சன்ஸ் 1849இல் தொடங்கிய கடிகார, வெள்ளி நகைக் கடை. 1879இல் அதற்கு ராபர்ட் சிஸ்ஹோம் கட்டிக் கொடுத்த மாளிகை இன்றும் மணிக்கூண்டோடு நிற்கிறது. சார்லஸ் டுராண்டும் ஜான் வில்லியம் ஸ்பென்சரும் 1860களில் தொடங்கிய சிறு கடை, யூஜின் ஓக்ஷாட்டின் கைக்கு வந்தபின் 1895இல் செங்கல் சிவப்பில் ஒரு பெருமாளிகையாக எழுந்தது. அதற்குள் 80க்கும் மேற்பட்ட பிரிவுகள் இருந்தனவாம். திண்டுக்கல்லில் சுருட்டுத் தொழிற்சாலை, ரயில் நிலையங்களில் சிற்றுண்டிச்சாலை, கன்னிமரா ஓட்டல் என்று ஸ்பென்சர்ஸின் கைகள் தென்னிந்தியா முழுவதும் நீண்டிருந்தன. மருந்து வணிகர் டபிள்யூ. இ. ஸ்மித் 1897இல் கட்டிய கார்டில் பில்டிங்கும் அந்தப் பத்தாண்டின் ஆடம்பரம்தான்.

இந்தக் கடைகளோடு இரண்டு புதிய பழக்கங்கள் வந்தன. ஒன்று, எழுதி ஒட்டிய விலை. பேரம் கிடையாது. மற்றொன்று, கடனுக்கு இடம் கொடுக்காத ரொக்க வணிகம். இதில் பெயர்போன கடை கல்கத்தாவைத் தலைமையிடமாகக் கொண்ட வொய்ட்டவே லெய்ட்லா. 'உடனே கொடு, ரொக்கமாகக் கொடு' என்ற பொருள் வரும்படி அதன் பெயரைத் திரித்து வெள்ளைக்காரர்களே கேலி பேசினார்கள். சம்பளத்துக்கு முன் மளிகையை வாங்கிக் கணக்கில் எழுதச் சொல்லிவிட்டு, பின்னர் பற்றுவரவு தீர்த்துப் பழகியவன் தமிழ்ச் சம்பளக்காரன். அவனுக்கு இந்தக் கடைகள் வேடிக்கை பார்க்கும் கண்ணாடிகளாகவே இருந்தன.

அவனுடைய கடைத்தெரு வேறு இடத்தில் இருந்தது. புதுமைப்பித்தனின் 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' தொடங்குகிற இடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பிராட்வேயும் எஸ்பிளனேடும் சந்திக்கிற முனையில்தான் கந்தசாமிப் பிள்ளை நிற்கிறார். 1940களின் ஒரு மத்தியதர மனிதரை நகரத்தின் நடுவில் நிறுத்த வேண்டும் என்றால் அதுதான் இயல்பான இடம். சைனா பஜார், கோடவுன் தெரு, கொத்தவால் சாவடி என்று துணியும் பாத்திரமும் காய்கறியும் அங்கேதான் கிடைத்தன. கொஞ்சம் மேற்கே, சென்ட்ரல் நிலையத்தின் பக்கத்தில் மூர் மார்க்கெட் இருந்தது.

பிராட்வே பக்கத்துச் சந்தை நெரிசலாகவும் அழுக்காகவும் இருக்கிறது என்று மாநகராட்சி கட்டிய மாற்று ஏற்பாடு மூர் மார்க்கெட். மாநகராட்சித் தலைவர் சர் ஜார்ஜ் மூர் 1898இல் அடிக்கல் நாட்டினார். 1900இல் திறக்கப்பட்டது. நடுவில் முற்றமும் சுற்றிலும் கடைகளும் கொண்ட சிவப்புக் கட்டடம். தொடக்கத்தில் இறைச்சியும் காய்கறியும் விற்ற அந்த இடம் காலப்போக்கில் எல்லாம் கிடைக்கும் இடமாயிற்று. பழைய புத்தகங்கள், கிராமபோன் தட்டுகள், பொம்மைகள், பறவைகள், நாய்க்குட்டிகள், கைமாறி வந்த கடிகாரங்கள். ஹிக்கின்பாதம்ஸில் முழு விலைக்கு ஒரு சீமான் வாங்கிய புத்தகம், அவர் காலத்துக்குப் பின் அவருடைய பிள்ளைகளால் எடைக்குப் போடப்பட்டு, மூர் மார்க்கெட்டில் ஒரு குமாஸ்தாவின் கைக்குப் பேரத்தில் வந்து சேர்ந்தது. இரண்டு கடைகளும் ஒன்றுக்கொன்று எதிரானவை என்று சொல்வதைவிட, ஒரே ஓட்டத்தின் இரண்டு முனைகள் என்று சொல்வதே சரி. ஆங்கிலப் புத்தகம் தமிழ் எழுத்தாளன் வீட்டுக்குப் போன வழிகளில் ஒன்று அது.

*

1947க்குப் பின் மவுண்ட் ரோட்டின் முதல் வாடிக்கைக்காரர்கள் கப்பலேறிவிட்டார்கள். தெரு அப்போதே சாய்ந்திருக்க வேண்டும். சாயவில்லை. அதற்குப் பிந்திய முப்பது ஆண்டுகள்தான் தமிழர்களின் மவுண்ட் ரோடு. இன்று பலர் ஏங்குவதும் உண்மையில் இந்தக் காலத்துத் தெருவுக்காகத்தான்.

அந்த மாற்றத்தை ஒரே கட்டடத்தில் பார்க்கலாம். வொய்ட்டவே லெய்ட்லாவின் மாளிகை கைமாறி விக்டரி ஹவுஸ் ஆயிற்று. ஒரு காலத்தில் பாரதி பணியாற்றிய சுதேசமித்திரன் நாளிதழ் பிற்பாடு அங்கே இயங்கியது. அதன்பின் அது வி.ஜி. பன்னீர்தாஸ் நிறுவனத்தின் கைக்கு வந்தது. 1950களில் தவணை முறையில் பொருள் விற்கத் தொடங்கி அதனாலேயே பெயர் பெற்ற நிறுவனம் அது. ரொக்கம் இல்லாதவனுக்கு இடமில்லை என்ற கடை நின்ற அதே கூரையின் கீழ், மாதம் இவ்வளவு கொடுத்தால் போதும் என்று வானொலிப் பெட்டியையும் மின்விசிறியையும் எடுத்துக் கொடுத்தார்கள். ஒரு சமூகம் ஒரு தெருவை எப்படித் தன்னுடையதாக்கிக்கொள்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. அதே சாலையில் கதர் பவனமும், பின்னர் பூம்புகாரும் வந்தன. 1959இல் எல்.ஐ.சி. கட்டடம் எழுந்தபோது அதை அண்ணாந்து பார்ப்பதற்கென்றே வெளியூரிலிருந்து ஆட்கள் வந்தார்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, தியேட்டர்கள். சாந்தி 1961, சஃபையர் 1964, தேவி 1970, இவற்றோடு ஆனந்த், அலங்கார். படம் விட்டு வெளியே வருகிற கூட்டம் மாலை ஆறரை மணிக்கும் இரவு ஒன்பதரை மணிக்கும் நடைபாதையில் இறங்கியது. சாரட்டுக்காகக் கட்டப்பட்ட தெருவில் முதல்முறையாகப் பெருந்திரளாக மனிதர்கள் நடந்தார்கள். புகாரி ஓட்டலும், இரவில் விளக்கெரிந்த ஷோரூம்களும், நடைபாதைப் புத்தகக் கடைகளும் அந்தக் கால்களை நம்பி வாழ்ந்தன. ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்தக் கூட்டத்தைக் கொண்டுவந்தவை கடைகள் அல்ல. தியேட்டர் கொண்டுவந்த கூட்டத்தைக் கடைகள் பங்கிட்டுக்கொண்டன.

கடைகளே கூட்டத்தைக் கொண்டுவரும் தெரு இன்னொன்று இதற்குள் வளர்ந்துகொண்டிருந்தது. கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயில் 1931இல் ஓடத் தொடங்கியது. அதன் வழியில் மாம்பலம் நிலையம். நிலையத்திலிருந்து இறங்கினால் ரங்கநாதன் தெரு. அதன் மறுமுனையில் உஸ்மான் சாலை. சற்றுத் தள்ளிப் பனகல் பூங்காவும், 1928இல் தொடங்கிய நல்லி சின்னசாமி செட்டியின் பட்டுக்கடையும். செங்கல்பட்டிலிருந்து கல்யாணத்துக்குத் துணியெடுக்க வரும் ஒரு குடும்பம், குழந்தைகளையும் பாட்டியையும் கூட்டிக்கொண்டு, ரயிலிலிருந்து இறங்கி நடந்தே கடைக்குப் போய்விடலாம். மவுண்ட் ரோட்டில் அது முடியாது. அதன் ஒரு பகுதி வழியாக ஓடிய டிராமும் 1953இல் நின்றுபோயிற்று. அதன் பின் பேருந்துதான். நகரத்தின் மிகப் புகழ்பெற்ற கடைத்தெருவுக்கு 2019 வரை ஒரு ரயில் நிலையம் இருந்ததில்லை என்பதை அதன் வரலாற்றை எழுதுகிறவர்கள் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. தியாகராய நகர் மவுண்ட் ரோட்டை வென்றதற்கு விலைக் குறைவும் பட்டின் தரமும் காரணம் என்பார்கள். அவற்றுக்குக் குறையாத காரணம் ஒரு தண்டவாளம்.

*

இனி இரண்டு நெருப்புகளைப் பற்றி.

1983இல் ஸ்பென்சர்ஸ் மாளிகை எரிந்தது. 1985 மே 30ஆம் தேதி மூர் மார்க்கெட் எரிந்தது. இரண்டே ஆண்டு இடைவெளியில் நகரம் தன் இரண்டு பெரிய கடைகளை இழந்தது. இரண்டும் செந்நிறக் கட்டடங்கள். இரண்டும் ஏறத்தாழ ஒரே வயதினவை. ஆனால் சாம்பலுக்குப் பின் நடந்தவை வேறு வேறு.

ஸ்பென்சர்ஸ் நின்ற மண் ஸ்பென்சர்ஸ் நிறுவனத்தின் சொத்து. மண் இருந்ததால் கட்டடம் போனது ஒரு முடிவாக அமையவில்லை. 1990களின் தொடக்கத்தில் அதே இடத்தில் ஸ்பென்சர் பிளாசா எழுந்தது. சென்னையின் இளைஞர்கள் அடுத்த இருபது ஆண்டுகள் அங்கேதான் சுற்றினார்கள். பெயர் நின்றது, கடைகள் நின்றன, வாடகை வந்தது.

மூர் மார்க்கெட்டின் மண் மாநகராட்சியினுடையது. கடைக்காரர்கள் எல்லாரும் வாடகைக்கு இருந்தவர்கள். சென்ட்ரல் நிலையத்தின் விரிவாக்கத்துக்கு அந்த இடம் தேவைப்பட்டது. எரிந்த இடத்தில் புறநகர் ரயில்களுக்கான முனையம் எழுந்தது. கடைக்காரர்களுக்குப் பக்கத்திலேயே அல்லிக்குளத்தில் ஒரு வணிக வளாகம் கட்டிக் கொடுத்தார்கள். அடுக்கி அடைத்த கான்கிரீட் கடைகள். நடுவில் முற்றம் இல்லை, சும்மா சுற்றிவருவதற்கான வழி இல்லை. அதன் மாடிகளில் பிற்பாடு நீதிமன்றங்கள் இயங்கின. பழைய புத்தக வியாபாரிகள் சிலர் அங்கே போனார்கள். மற்றவர்கள் திருவல்லிக்கேணி நடைபாதைக்கும் வேறு இடங்களுக்கும் சிதறினார்கள். அதே ஆண்டில், மார்க்கெட்டை ஒட்டி இருந்த மிருகக்காட்சிசாலையும் வண்டலூருக்குப் போய்விட்டது. குழந்தைகளைச் சிங்கம் பார்க்கக் கூட்டிவந்து, போகும்போது பொம்மையும் புத்தகமும் வாங்கித் தந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை வழக்கமே அத்தோடு முடிந்தது.

மூர் மார்க்கெட்டின் பெயர் மட்டும் எஞ்சியது. புறநகர் ரயில் அட்டவணையில் அந்த முனையத்துக்கு இன்றும் மூர் மார்க்கெட் காம்ப்ளெக்ஸ் என்று பெயர். திருவள்ளூருக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் போகிற ஆயிரக்கணக்கானவர்கள் தினமும் அந்தப் பெயரைக் கடந்து போகிறார்கள். அங்கே ஒரு மார்க்கெட் இருந்தது என்று அவர்களில் பலருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

ஒரே தீ, இரண்டு விளைவு. வேறுபாட்டை உண்டாக்கியது பட்டாவில் இருந்த பெயர்.

*

வாடகைக் கடைக்காரனைச் சட்டம் முற்றிலும் கைவிட்டதாகச் சொல்ல முடியாது. வெற்று மண்ணைக் குத்தகைக்கு எடுத்துத் தன் செலவில் கட்டடம் எழுப்பியவன், அந்த அடிமனையை விலைக்குத் தரும்படி நீதிமன்றத்தைக் கேட்க 1921ஆம் ஆண்டின் நகரக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் வழி செய்தது. வாடகைக்கு இருந்தவர்களை 1960ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் காத்தது. அந்தப் பாதுகாப்பில்தான் நகரத்தின் மையப்பகுதியில் எத்தனையோ சிறு கடைகள் இரண்டு தலைமுறை தாக்குப்பிடித்தன. மூக்குக்கண்ணாடிக் கடை, பேனா பழுது பார்க்கும் கடை, தையற்கடை, டைப்ரைட்டர் கடை என்று எல்லாமே அப்படித்தான். ஆனால் அதே சட்டத்தில் ஒரு வாசலும் இருந்தது. கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்டப் போகிறேன் என்று உரிமையாளர் நிரூபித்தால் குடியிருப்பவரை வெளியேற்றலாம். குறைந்த வாடகை வரும் கட்டடத்தைப் பழுது பார்க்க உரிமையாளருக்கு மனம் வராது. பழுது பார்க்காத கட்டடம் இடிந்து விழும் நிலைக்கு வரும். அந்த நிலையே வெளியேற்றத்துக்குக் காரணமாகிவிடும். கடையைக் காத்த சட்டமே கட்டடத்தை மெதுவாகத் தின்றது.

1990களில் சஃபையர் மூடப்பட்டது. தொலைக்காட்சி வீட்டுக்குள் வந்தபின் இரவுக் காட்சிக் கூட்டம் மெலிந்தது. 2006இல் மயிலாப்பூர்ப் பக்கம் சிட்டி சென்டரும், 2010இல் மவுண்ட் ரோட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில், பழைய மதராஸ் கிளப் இருந்த எக்ஸ்பிரஸ் எஸ்டேட்டில், எக்ஸ்பிரஸ் அவென்யூவும் வந்தன. ஸ்பென்சர் பிளாசாவையே அவை வெறிச்சோடச் செய்தன. 1987இல் நுங்கம்பாக்கத்தில் தொடங்கி ஒரு தலைமுறையின் புத்தகக் கோயிலாக இருந்த லேண்ட்மார்க்கும் 2010களில் மூடப்பட்டது. புதியது பழையதை விழுங்கும் என்பது பாதி உண்மைதான். புதியதும் விரைவில் பழையதாகிவிடுகிறது.

அதற்குள் மெட்ரோ பணி தொடங்கியிருந்தது. சாலையின் நடுவில் தடுப்புகள், ஒருவழிப் பாதைகள், சுற்றிவிடப்பட்ட பேருந்துகள். 2012இல் பி. ஆர் அண்ட் சன்ஸ் வளாகத்தின் ஒரு பகுதி இடிக்கப்பட்டதும் பாரம்பரிய ஆர்வலர்கள் குரல் எழுப்பினார்கள். வேண்டிய குரல்தான். ஆனால் தடுப்புக்குப் பின்னால் ஆண்டுக்கணக்கில் ஆள் வராமல் கிடந்த வாடகைக் கடைகளுக்காக அப்படி ஒரு குரல் எழவில்லை. 2019 பிப்ரவரி 10ஆம் தேதி, அண்ணா சாலையின் கடைத்தெருப் பகுதியின் அடியிலும் மெட்ரோ ஓடத் தொடங்கியது. நூறாண்டுகளுக்கு மேலாக அந்தத் தெருவுக்கு இல்லாதிருந்த ரயில் நிலையம் கடைசியில் வந்தது. அதே மாதம் 22ஆம் தேதி, 1960ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்கிய புதிய வாடகைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. இனி எழுத்து ஒப்பந்தமும், அதில் கண்ட வாடகையும், அதில் கண்ட காலமும்தான். வாடிக்கைக்காரர்களைக் கொண்டுவரும் ரயில் வந்ததும், பழைய கடைக்காரனைக் காத்த சட்டம் போனதும் பன்னிரண்டு நாள் இடைவெளியில் நடந்தன. இதை யாரும் திட்டமிட்டிருக்க மாட்டார்கள். அதனாலேயே இது சிந்திக்கத் தக்கது.

*

கார்டில் பில்டிங் பின்னாளில் பாரத் இன்ஷூரன்ஸ் கட்டடம் ஆனது. 2006இல் எல்.ஐ.சி. அதை இடிக்க முற்பட்டபோது இன்டாக் அமைப்பு நீதிமன்றம் சென்றது. 2010இல் உயர் நீதிமன்றம் இடிக்கக்கூடாது என்று தீர்ப்பளித்தது. சென்னையின் கட்டடப் பாதுகாப்பு வரலாற்றில் அது ஒரு மைல்கல். தீர்ப்புக்குப் பின்னும் பல ஆண்டுகள் அந்தக் கட்டடம் பாழடைந்தே நின்றது. கோபுரங்கள் தப்பின. உள்ளே விற்பதற்கும் வாங்குவதற்கும் ஒருவரும் இல்லை. நமது பாரம்பரியச் சட்டங்கள் செங்கல்லை அறியும். வணிகத்தை அறியா.

பிழைத்த கடைகளைப் பாருங்கள். ஹிக்கின்பாதம்ஸ் அமால்கமேஷன்ஸ் என்ற பெரிய தொழிற்குழுமத்தின் நிழலில் நிற்கிறது. பி. ஆர் அண்ட் சன்ஸ் கருமுத்து தியாகராசச் செட்டியாரின் குடும்பத்தார் வசம் வந்தது. சொந்தக் கட்டடம், பின்னால் வேறு வருமானம். பிழைத்தவற்றில் இன்னொரு வகையும் உண்டு. மவுண்ட் ரோட்டிலிருந்து ஒரு சந்து திரும்பினால் ரிச்சி தெரு. வானொலி உதிரிபாகங்களில் தொடங்கி, கணினிக்கும் கைப்பேசிக்கும் மாறி, இன்றும் தோளோடு தோள் இடிக்கும் கூட்டம். ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் மோட்டார் உதிரிபாகங்கள். இங்கே தனிக்கடை எதுவும் தனியே நிற்கவில்லை. ஒரு கடையில் இல்லாததை அந்தக் கடைக்காரரே பக்கத்துக் கடையிலிருந்து எடுத்துத் தருகிறார். பழுதை விளக்கிச் சொன்னால் எந்தப் பாகம் என்று சொல்கிறார். அந்த அறிவு விலைப்பட்டியலில் ஏறுவதில்லை.

மூர் மார்க்கெட்டில் அழிந்ததும் அந்த அறிவுதான். எந்தப் பதிப்பு அரிது, எந்த வீட்டில் எந்த நூலகம் விலைக்கு வரப்போகிறது, எந்தப் பேராசிரியர் எதைத் தேடுகிறார் என்பதெல்லாம் கடைக்காரர்களின் தலைக்குள் இருந்த அட்டவணை. அவர்களில் பலர் அதிகம் படித்தவர்கள் அல்லர். ஆனால் புத்தகத்தின் முதுகைத் தொட்டே அதன் மதிப்பைச் சொன்னார்கள். அவர்களை வெவ்வேறு நடைபாதைகளுக்குச் சிதறடித்தபோது, ஒருவருக்குத் தெரிந்தது மற்றவருக்குத் தெரியாமல் போயிற்று. கடைகளை இடம் மாற்றலாம். அவற்றுக்கிடையே இருந்த பேச்சை எந்த வளாகத்துக்கும் இடம் மாற்ற முடியாது. தமிழில் பழைய இதழ்களையும் முதற்பதிப்புகளையும் தேடி அலைகிற ஒவ்வொருவரும் அந்த இழப்பின் விலையை, தெரிந்தோ தெரியாமலோ, இன்றும் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இன்று தியாகராய நகரின் பெருங்கடைகளைப் பற்றியும் இதே பெருமூச்சுகள் கேட்கத் தொடங்கியுள்ளன. இணைய வணிகம் அவற்றைக் கொன்றுவிடும் என்கிறார்கள். சொந்த மண்ணில் பத்து மாடி எழுப்பியவர்கள் எப்படியும் பிழைத்துக்கொள்வார்கள். வேறு தொழிலுக்கு மாறியேனும் பிழைப்பார்கள். ரங்கநாதன் தெருவின் ஓரத்தில் ஆறடி இடத்தில் வளையலும் ஊக்கும் விற்கிறவருக்குப் பட்டாவும் இல்லை, எழுத்து ஒப்பந்தமும் இல்லை. அடுத்த முறை நகரத்தின் பாரம்பரியப் பட்டியலைத் தயாரிக்க உட்காருகிறவர்கள் கட்டடக் கலைஞர்களை மட்டும் அழைக்காமல், கல்லாவில் உட்கார்ந்திருப்பவரிடமும் ஒரு கேள்வி கேட்கட்டும்: இந்த இடம் யாருடையது, இன்னும் எத்தனை நாளைக்கு உங்களுக்கு?